ஹனியாவின் பால்

"நீ யார் பால் குடிச்சவ?"

எனக்குப் பதினைந்து வயதானபோது, தன் மகனுக்குப் பெண் தேடி வந்த ஓர் அம்மாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. என் பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்டாள். நான் பாதாம் தட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உம்மாதான் எனக்காகப் பதில் சொன்னாள்.

"என் பால்தான். வேற யாரும் இவளத் தொட்டதில்ல."

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத பெண் கிடையாது. ஒரே மார்பில் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்களாகிவிடுவார்கள், அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. அதனால் யார் யாருக்கு எத்தனை நாள் பால் கொடுத்தார்கள் என்று எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அதோடு விடுவதும் இல்லை. கோபக்காரியிடம் குடித்தவனுக்குக் கோபம் வரும், நோயாளியிடம் குடித்தவளுக்கு அந்த நோய் வரும் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

எங்கள் ஊரிலிருந்து கைரவான் நகரத்துக்கு வேனில் ஒன்றரை மணி நேரம். மேல்நிலைப் பள்ளி அடுத்த ஊரில் இருந்தது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஒரு குளிர்காலத்தில் பள்ளிப் பேருந்தில் ஏறுவதை நிறுத்திவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதன்பிறகு மாவுப் பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த நோட்டுகளில் எழுதிக்கொண்டிருந்தேன். அன்றன்று நடந்தது, யார் என்ன சொன்னார்கள், தேதி. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

பதினெட்டு வயதில் ஓர் அக்டோபர் மாதம், சுகாதார நிலையத்து நர்ஸ் மொன்ஜியா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். மார்பகப் பரிசோதனை செய்யும் பெரிய வண்டி மூன்று நாள் வருகிறது, பெண்களிடம் கேட்டுப் படிவம் நிரப்ப ஆள் வேண்டும் என்றாள்.

"எனக்குப் பேச வராதே, லல்லா" என்றேன். மூத்த பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம்.

"வாய் பேச வேண்டாம் புள்ள. எழுதியிருக்கிறத அப்படியே படி. கை மத்தத பாத்துக்கும்."

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய எல்லோருக்கும் படம் எடுப்பார்கள். அதற்குக் கீழே இருந்தால், குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்திருந்தால் மட்டும் எடுப்பார்கள். அதற்காகவே படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் தாய், சகோதரி, தாயின் அல்லது தந்தையின் சகோதரி, இவர்களில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா?

முதல் நாள் காலை வரிசையில் நின்ற முதல் பெண்ணிடம் அதைப் படித்தேன். அவள் கையை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள், கண்ணேறு கழிப்பதுபோல.

"ஏண்டி, காலங்காத்தால எங்க உம்மா தலையில எதக் கொண்டாந்து கொட்டுற?"

"தூரமாப் போகட்டும், தூரமாப் போகட்டும்" என்றாள் பின்னால் நின்றவள்.

"இந்தப் புள்ள வாயத் தொறக்காதுன்னு சொன்னாங்க. தொறந்தா இதுதான் வருதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த ஒன்பது பேரும் அந்தக் கேள்வி முடிவதற்குள் 'இல்ல, இல்ல' என்றார்கள். எங்கள் ஊரில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. பெயரைச் சொன்னால் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு அது ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. பதினோராவது பெண் வந்தபோது படிவத்தைப் பார்க்காமல், ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

"நீங்க யார் பால் குடிச்சவங்க? அவங்களுக்கு ஒடம்புக்கு ஏதாவது வந்துச்சா?"

உடனே பேசத் தொடங்கிவிட்டாள். தன்னுடைய தாய், தாய்க்குக் காய்ச்சல் வந்தபோது நாற்பது நாள் கொடுத்த அத்தை, அத்தைக்கு வந்த மூட்டுவலி, எல்லாம் சொன்னாள். நான் எழுதினேன். தாய் என்ற கட்டத்தில் பால் கொடுத்தவளை எழுதினேன். மூன்று நாளில் இருநூற்றுப் பதினான்கு படிவங்கள். மொன்ஜியா என் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

"அல்லாஹ்வே, இவளுங்ககிட்ட என்னாலயே ஒரு பேச்சு வாங்க முடியாது. நீ எப்படிப் புள்ள வாங்கினே?"

நான் சொல்லவில்லை. சொல்வதற்கு ஏதும் இருப்பதாக நினைக்கவும் இல்லை.

இரண்டாம் நாள் ரபாஹும் சல்ஹாவும் சேர்ந்து வந்தார்கள். எப்போதும் சேர்ந்தே வருவார்கள். இரண்டு பேரும் பால் வழிச் சகோதரிகள்.

ரபாஹ் பிறந்ததும் அவளுடைய தாய் தாவூஸுக்கு டைபாய்டு வந்தது. பக்கத்து வீட்டு ஹனியா, தன் முதல் பிள்ளையைப் பறிகொடுத்து நாற்பது நாள்கூட ஆகாதவள், ரபாஹைத் தூக்கிக்கொண்டு போய் ஏழு மாதம் பால் கொடுத்தாள். நான்கு வருடம் கழித்து ஹனியாவுக்குச் சல்ஹா பிறந்தாள். அப்போதே ஹனியாவின் மார்பில் கல்போல ஒன்று இருந்தது. குழந்தைக்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுக்க முடியவில்லை. இந்தத் தடவை தாவூஸ் சல்ஹாவைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வருடமே ஹனியா போய்விட்டாள். முப்பது வயது.

அதனால் ஊர்க் கணக்குப்படி அந்த நோய் ரபாஹின் உடம்பில் இருந்தது. சல்ஹா தப்பித்தவள்.

ரபாஹுக்கு இருபத்திரண்டு வயதில் அம்மாருடன் நிச்சயம் ஆகியிருந்தது. மோதிரம் போட்ட பிறகுதான் அம்மாரின் தாய் அந்தக் கேள்வியை ஒழுங்காக விசாரித்தாள். மோதிரம் திரும்பிப் போனது. இரண்டு வருடம் கழித்து அதே அம்மாருக்குச் சல்ஹாவைக் கட்டினார்கள். கல்யாணத்தன்று சல்ஹாவின் கைக்கு மருதாணி வைத்தவள் ரபாஹ்தான். பிறகு ரபாஹை யாரும் பெண் கேட்டு வரவில்லை.

அன்று வரிசையில் ரபாஹுக்கு முப்பத்தாறு வயது, சல்ஹாவுக்கு முப்பத்திரண்டு.

"ஹனியா பால்" என்றாள் ரபாஹ், நான் கேட்பதற்கு முன்பே. "அந்த நோய்லதான் போனாங்க. நல்லா எழுதிக்க."

தாய் கட்டத்தில் எழுதினேன்: ஆம். இறப்பு, வயது முப்பது.

"நான் தாவூஸ் உம்மா பால்" என்றாள் சல்ஹா. "அவங்களுக்கு என்ன, கழுத மாதிரி திடமா இருக்காங்க. நேத்துகூட என் மாமியாரோட சண்ட போட்டுக் கெலிச்சாங்க."

தாய் கட்டத்தில் எழுதினேன்: இல்லை.

மொன்ஜியா படிவங்களைப் பார்த்தாள். ரபாஹை வண்டிக்குள் அனுப்பினாள். சல்ஹாவிடம் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உனக்கு வயசும் ஆகல, குடும்பத்துலயும் இல்ல. நாப்பத்தஞ்சுல வா."

"அதுக்குள்ள ஒங்க வண்டி துருப்பிடிச்சிரும், லல்லா" என்று சிரித்துவிட்டு, வெளியே கல்லில் உட்கார்ந்து ரபாஹுக்காகக் காத்திருந்தாள்.

மொன்ஜியா எங்கள் ஊருக்கு வந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு ஹனியாவைத் தெரியாது. வரிசையில் நின்ற மற்ற எல்லோருக்கும் ஹனியா யாருடைய தாய் என்று தெரியும். எனக்கும் தெரியும். ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை.

ரபாஹின் படத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் படிவத்தைப் பார்த்த நகரத்து ஆஸ்பத்திரிக்காரர்கள், பரம்பரையாக வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவளை வரச் சொல்லிக் கடிதம் போட்டார்கள். தேதி கிடைக்கப் பதினொரு மாதம் ஆனது. ரபாஹுக்குப் படிக்கத் தெரியாது. துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை.

டாக்டர் மாஜிதா இளம் வயதுக்காரி. மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குக் கட்டமுமாக வரைந்தாள். ரபாஹுக்கு ஒரு வட்டம். அதற்கு மேலே அவளுடைய தாய்க்கு ஒரு வட்டம். அந்த வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"எதுக்குக் கோடு?" என்றாள் ரபாஹ்.

"இறந்துட்டாங்கன்னு அர்த்தம்மா."

"யாரு?"

"உங்க உம்மா."

"எங்க உம்மாவா? காலையில எனக்கு ரொட்டியும் ஹரீஸா மிளகாய்த் துவையலும் கட்டிக் குடுத்தாங்களே!" ரபாஹ் பையைத் திறந்து பொட்டலத்தைக் காட்டினாள். "இந்தா, இன்னும் சூடு ஆறல."

டாக்டர் படிவத்தைப் பார்த்தாள். "முப்பது வயசுல இறந்ததா எழுதியிருக்கே."

"அது ஹனியா. எனக்குப் பால் குடுத்தவங்க."

"உங்களப் பெத்தவங்க?"

"தாவூஸ்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். இந்தப் படிவத்தை யார் நிரப்பியது என்று கேட்டாள். நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"பால்ல இது வராது" என்று மெதுவாகச் சொன்னாள். "பெத்தவங்ககிட்டேர்ந்து, கருவிலயே வருது. தாய்கிட்டேர்ந்தும் வரலாம், தகப்பன்கிட்டேர்ந்தும் வரலாம். உங்களுக்கு அந்த ஹனியாவால ஒண்ணும் கிடையாது. மத்த பொம்பளைங்களுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் உங்களுக்கும்."

ரபாஹ் பொட்டலத்தை மறுபடி பைக்குள் வைத்தாள். அதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.

"ஹனியாவுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்றாள் டாக்டர்.

நான் ரபாஹைப் பார்த்தேன்.

"ஒரு பொண்ணு" என்றாள் ரபாஹ். "சல்ஹா. ஆனா அவ ஹனியா பால் குடிக்கலையே. எங்க உம்மா பால்தான்."

"அவங்களத்தான் நான் பாக்கணும். இவ்வளவு சின்ன வயசுல தாய்க்கு வந்திருந்தா ரொம்பக் கவனமா இருக்கணும். அடுத்த வாரமே கூட்டிட்டு வாங்க." ஒரு சீட்டில் தேதி எழுதி, முத்திரை குத்தி நீட்டினாள். நான் கையை நீட்டினேன். ரபாஹ் அதற்கு முன் வாங்கி, தன் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

"நான் குடுக்குறேன். என் தங்கச்சி அவ."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். சல்ஹாவின் முகத்தைப் பார்த்து அந்தப் பேச்சைப் பேச வேண்டியது நான் இல்லை என்று நிம்மதியாக இருந்தது.

திரும்பும் வேனில் ரபாஹ் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஊர் நெருங்கும்போது கேட்டாள்.

"மோதிரம் திரும்பிப் போய் எத்தன வருஷம் ஆச்சு? நீதான் எல்லாம் குறிச்சு வெப்பியே."

"அப்போ நான் சின்னப் புள்ள, அக்கா."

"பதினஞ்சு" என்றாள் அவளே.

மறுநாள் மொன்ஜியாவிடம் நான் கேட்ட கேள்வியைப் பற்றிச் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இருநூத்துப் பதினாலு பேருகிட்டயுமா?" என்றாள். முதல் பத்துப் பேரைத் தவிர என்றேன். அதன்பிறகு நாங்கள் இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். அவள் கேட்டாள், நான் எழுதினேன். பெற்றவள் யார், பெற்றவளின் சகோதரிகள் யார், தகப்பனின் சகோதரிகள் யார். சிலர் கதவைச் சாத்தினார்கள். சல்ஹா வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

"ரபாஹ் சொல்லிட்டாளா?" என்று மொன்ஜியா கேட்டபோது, "அவங்கதான் சீட்டு வாங்கிட்டுப் போனாங்க" என்றேன். அது பொய் இல்லை.

அக்டோபர் முடிந்து ஆலிவ் அறுவடை தொடங்கியது. அம்மாரின் தோட்டத்தில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் இருந்தோம். சல்ஹா ஏணியின் உச்சியில் நின்று, சீப்பால் கிளைகளைச் சீவிப் பழங்களை உதிர்த்தாள். வலது கையை மட்டும் உயர்த்தினாள். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள்.

"கீழ இருக்கிற சோம்பேறிங்களா, விரிப்ப நல்லா இழுங்க! எம் புருஷன் தாடியில விழுது எல்லாம்!" என்று கத்தினாள்.

ஏணியைப் பிடித்திருந்த அம்மார் சிரித்தான். ரபாஹ் விரிப்பின் ஓரத்தில் குந்தி, பழங்களிலிருந்து இலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்தச் சீட்டு."

"இருக்கு."

"தேதி போயிடுச்சே."

"வேற தேதி குடுப்பாங்க." ஒரு பிடி இலையை வீசினாள். "பதினஞ்சு வருஷம் நான் இத ஒடம்புல வெச்சுக்கிட்டுத் தூங்கினேன் வஸீலா. குளிக்கிறப்பல்லாம் தடவித் தடவிப் பாத்தேன். அவ ஒரு அறுவட முடியிற வரைக்கும் சிரிக்கட்டுமே. அதுகூட நான் குடுக்கக் கூடாதா?"

அதைப் பாசம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படியே எடுத்துக்கொண்டேன், இன்னும் மூன்று வாரம்.

டிசம்பர் ஐந்தாம் தேதி தனியாகச் சல்ஹா வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்பருகே உட்கார்ந்து மிளகாயைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது மகள் மைசா பக்கத்தில் இருந்தாள்.

"அட, ஊமக் குயில் வீடு தேடி வந்திருக்கு! மைசா, டீ போடு. இது பேசுனா மழ வரும்."

சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதை எடுக்கவில்லை. தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டேன். பாலில் வராது. பெற்றவளிடமிருந்து வரும். உங்களைப் பெற்றவள் ஹனியா. நான் தப்பாகக் கேட்டு, தப்பாக எழுதினேன்.

சல்ஹா முதலில் சிரித்தாள். "பைத்தியமா நீ? ஒரு சொட்டுகூட நான் குடிக்கல." பிறகு மைசாவை வெளியே அனுப்பினாள். மிளகாய்க் கையைத் துடைத்துவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் இடது அக்குளுக்குக் கீழே வைத்தாள். உடையின் மேலாகவே தெரிந்தது. பச்சை வாதுமைக் காய் அளவு இருந்தது, அசையவில்லை.

"இது பால் கட்டுதானே? சின்னவன் பால் மறந்ததிலேர்ந்து இருக்கு. கோடையிலேர்ந்து. மாமியார் வெந்தயம் அரச்சுப் போட்டாங்க."

நான் கையை எடுக்கவில்லை.

"பால் கட்டுதானே, வஸீலா?" என்று மறுபடி கேட்டாள். அதற்குப் பிறகு, "மைசாவுக்கு ரெண்டு வருஷம் குடுத்தேனே" என்றாள்.

"பால்ல வராது" என்றேன். அதைத் தவிர நல்லதாகச் சொல்ல என்னிடம் வேறெதுவும் இருக்கவில்லை. கருவிலேயே மைசாவுக்கு அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பதை டாக்டர்தான் பின்னால் சல்ஹாவிடம் சொன்னாள். பெரியவளானதும் பார்த்துக்கொள்ளலாம், முன்பே தெரிந்தால் செய்ய நிறைய இருக்கிறது என்றும் சொன்னாள்.

மறுநாள் மொன்ஜியா அவளை அழைத்துக்கொண்டு போனாள். மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். மார்ச் மாதத்தில் முதுகெலும்பிலும் இருக்கிறது என்றார்கள். அந்த வண்டி வந்தபோதே படம் எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். அப்போது அது இருந்ததா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அன்றிலிருந்து அவளைக் கண்காணித்திருப்போம், கோடையிலேயே பிடித்திருப்போம் என்றாள். நடுவில் போன இரண்டு மாதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ரபாஹ் சல்ஹாவின் வீட்டில்தான் இருந்தாள். துவைத்தாள், சமைத்தாள், சின்னவனைக் குளிப்பாட்டினாள், வாந்தியை அள்ளினாள். அம்மார் இருக்கும் நேரத்தில் பின்கட்டுக்குப் போய்விடுவாள். இப்படி ஒரு சகோதரி யாருக்குக் கிடைக்கும் என்று ஊரே பேசியது.

ஏப்ரல் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஆண்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். சல்ஹா சுவரில் சாய்ந்து படுத்திருந்தாள். தலையில் முடி இல்லை, துணியைச் சுற்றியிருந்தாள். ரபாஹ் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மைசாவின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். நான் மாத்திரைகளை வேளைக்கு வேளை பிரித்து, காகித உறைகளில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"புள்ள, நீ எல்லாத்தையும் நோட்டுல குறிச்சு வெக்கிறியாமே" என்றாள் சல்ஹா. "மொன்ஜியா சொன்னா. என்னப் பத்தியும் இருக்கா?"

"இருக்கு."

"நல்லதா எழுது. அழகா இருந்தான்னு எழுது. மாமியார் கண்ணுல வெரல விட்டு ஆட்டுனான்னு எழுது." சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. "உன் மேல எனக்குக் கோவம் இல்ல. நீ கேட்டதத்தான் இந்த ஊரே கேட்டுச்சு. நானும் சந்தோஷமாத்தான் பதில் சொன்னேன்."

நான் எழுதுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுகை வரும்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல" என்றாள். "பால்ல வராதுன்னு நீ எப்பத் தெரிஞ்சுக்கிட்டே? மொன்ஜியா சொன்னாளா?"

"டாக்டர் மாஜிதா. ரபாஹ் அக்கா கூடப் போனப்போ."

"அது எப்போ?"

அந்த இடத்தில் நான் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் நோட்டைத் திறந்து பார்த்திருக்கப் போவதில்லை. ஆனால் அவளுடைய படிவத்தில் ஒரு முறை தவறாக எழுதியவள் நான்.

"செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை" என்றேன்.

சல்ஹா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. செப்டம்பர், அக்டோபர், நவம்பர். ஏணி, விரிப்பு, ஆலிவ். பிறகு தலையைத் திருப்பி, கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளும் குரல். "உனக்கு அப்பவே தெரியுமா?"

மைசாவின் ஒரு பக்கத்துப் பின்னல் முடிந்திருந்தது. இன்னொரு பக்கம் மூன்று புரிகளும் ரபாஹின் விரல்களுக்கிடையே இருந்தன. அவள் அந்தப் புரிகளை ஒவ்வொன்றாக விட்டாள். சட்டைக்குள் கையை விட்டு, வியர்வையில் மடிப்பு மடிப்பாக ஊறிப்போன ஒரு சீட்டை எடுத்துப் போர்வையின் மேல் வைத்தாள். முத்திரையின் நீலம் மட்டும் தெரிந்தது. எழுந்து, வாசலில் கிடந்த செருப்பைக்கூட மாட்டாமல், வெயிலில் இறங்கிப் போனாள்.